பூப்போட்டு வாங்கிய பெட்டி

மசூது உண்மையைச் சொன்னதுதான் பரமேஸ்வரனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது.

“அண்ணாச்சி, ஒங்க கம்ப்யூட்டர் வெளையாட்டு தொண்ணூறாம் வருசத்தது. அதுல பாட்டு கேக்கணும்னா இந்தப் பழைய பெட்டிதான் சரி,” என்றார் மசூது. “இந்தப் புதுசும் நல்ல பெட்டிதான். ஆனா ஒங்களுக்கு ஒத்துவராது. வேண்டாம்.”

மேசைமேல் இரண்டு கறுப்புப் பெட்டிகள் இருந்தன. முன்பக்கம் ஒரு சின்னத் திரை, ஒரு திருகு. பின்பக்கம் வயர் சொருகும் ஓட்டைகள். பழைய பெட்டி கொஞ்சம் அகலம். ஓரங்களில் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. புதுப் பெட்டி வழவழவென்று இருந்தது. புதுசு என்றால் நேற்றுச் செய்தது இல்லை. பழையதற்கு நாலைந்து வருஷம் இளையது, அவ்வளவுதான்.

“ரெண்டுக்கும் வெலையில என்ன வித்தியாசம்?”

“வித்தியாசமே இல்ல. ரெண்டும் ஒரே வெலைதான்.”

பரமேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பழசுல கோளாறு எதும் உண்டா பாய்?”

“கோளாறுன்னு இல்ல. லேசா உஸ்ஸுன்னு ஒரு எரைச்சல் கேக்கும். அது பொறவியிலேயே உள்ளது. பாட்டு ஓடும்போது தெரியாது.”

தன் சரக்கின் குறையைத் தானே சொல்லுகிற வியாபாரியைப் பரமேஸ்வரன் அதுவரை பார்த்ததில்லை. போதாக்குறைக்கு மசூதின் மனைவி ஒரு தட்டு நிறையச் சமோசா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சூடாக இருந்தது. கேட்காமலே வந்தது. ஆக, இதில் என்னவோ இருக்கிறது.

“யோசிச்சுச் சொல்லுதேன்,” என்று எழுந்தார். சமோசாவைச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

“ஞாயித்துக்கெழம சாயந்தரம் நான் ஷார்ஜாவுக்குக் கெளம்புதேன் அண்ணாச்சி. நீங்க எடுக்காத பெட்டி திருவனந்தபுரத்துல ஒருத்தருக்குப் போவுது. ஏர்போட்டுக்கே வந்து வாங்கிக்கிடுதேன்னு சொல்லியிருக்காரு. அதுக்குள்ள முடிவு பண்ணிருங்க.”

புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருப்பவர் பரமேஸ்வரன். மூட்டையின் வாயில் பழம் பளபளவென்று இருந்தால் அடியில் அழுகல் இருக்கிறது என்பது அவருக்குப் பாலபாடம். எந்த மூட்டையையும் தலைகீழாகக் கொட்டிப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டார். இந்தப் பழக்கம் கடையோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. தென்காசியில் வீட்டுக்கு வந்த பிறகும் தொடரும். மனைவி உமாதேவி காபியில் சர்க்கரை கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டால், “என்னத்தட்டி ஒடச்ச?” என்று கேட்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு ஒரு பலவீனம் இருந்தது. பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு. அதிலும் ஒரே ஒரு விளையாட்டு.

படிக்கிற காலத்தில் பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அதை ஆடப் பழகினார். காட்டுக்குள் ஒரு கோட்டை. கோட்டைக்குள் தூங்குகிற ராணி. வழிப்போக்கன் ஒருவன் காட்டைக் கடந்துபோய் அவளை எழுப்ப வேண்டும். எழுப்பினால் காட்டில் பொழுது விடியும். ஒரு பாட்டு வரும். சென்டரை மூடியபோது அந்தக் கம்ப்யூட்டரையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இன்றும் ஓடுகிறது. ராணியை அவர் எழுப்பாத மாதம் கிடையாது. ஆனால் பாட்டு மட்டும் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் இருந்து கீச் கீச்சென்று, பொறியில் மாட்டிய எலி கத்துவது போல வரும்.

அந்தக் காலத்து விளையாட்டுகளில் பாட்டு என்று தனியாக ஒன்று கிடையாது. எந்த வாத்தியம், எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்கிற குறிப்பு மட்டும் இருக்கும். அந்தக் குறிப்பை வாங்கி வாசிக்கிற மேளக் கச்சேரிதான் இந்தப் பெட்டி. அதை வெளியிலிருந்து வயர் போட்டு மாட்ட வேண்டும். விடியற்காலைப் பாட்டை ஒரு தடவையாவது முழு வாத்தியத்தோடு கேட்டுவிட வேண்டும் என்பது பரமேஸ்வரனின் தீராத ஏக்கம். இந்தப் பெட்டிகளை இப்போது யாரும் செய்வதில்லை. ஷார்ஜாவில் வாத்தியக் கடையில் ரிப்பேர் வேலை பார்க்கிற மசூது, கழித்துப் போட்டதில் இருந்து இரண்டைத் தேற்றி லீவுக்கு வரும்போது கொண்டுவந்திருந்தார். இன்னொரு மசூது தென்காசிக்கு வரப்போவதில்லை. தப்பான பெட்டியை எடுத்துவிட்டால் ஆயுசுக்கும் எலிப்பாட்டுதான்.

வீட்டுக்கு வந்ததும் இன்டர்நெட்டில் பழைய விளையாட்டுக்காரர்கள் கூடுகிற இடத்தில் கேட்டுப் பார்த்தார். பழைய பெட்டி என்று பாதிப் பேர் சொன்னார்கள். புதுப் பெட்டி என்று மீதிப் பேர் சொன்னார்கள். பிறகு இவரை மறந்துவிட்டு அவர்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். பழையது என்று சொன்னவர்கள் எல்லாம் பழைய பெட்டி வியாபாரிகள், புதுசு என்று சொன்னவர்கள் எல்லாம் புதுப் பெட்டி வியாபாரிகள் என்று பரமேஸ்வரன் தீர்மானித்து மூடி வைத்தார்.

“எதுக்கு இப்படி நகத்தக் கடிக்கிய?” என்றாள் உமாதேவி.

விஷயத்தைச் சொன்னார்.

“சரி, ஒங்களுக்கு எது பிடிச்சிருக்கு?”

“அது கெடக்கட்டும். அந்த ஆளு ஏன் பழசத் தள்ளிவிடப் பாக்காருன்னு சொல்லு.”

“நான் கேட்டது ஒங்களுக்கு எது பிடிச்சிருக்குன்னு.”

பரமேஸ்வரன் சுற்றும் முற்றும் பார்த்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்தினார்.

“பழசுதான்.”

“அப்ப அதையே வாங்குங்க.”

“அவரும் அதத்தானே சொல்லுதாரு! அங்கதான் இடிக்குது.”

உமாதேவி பெருமூச்சு விட்டாள். இருபது வருஷத்துக்கு மேல் விட்டுப் பழகிய பெருமூச்சு.

“பேசாம அம்மங்கோயில்ல பூப்போட்டுப் பாத்திருங்க. பூ கட்டி வைக்கச் சொல்லி காளீஸ்வரிக்கு நான் போன் பண்ணுதேன். நீங்க போயிக் காத்துக் கெடக்க வேண்டாம்லா.”

இவ்வளவு சுலபமாக ஏன் வழி சொல்லுகிறாள் என்று ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தார். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

குற்றாலம் போகிற ரோட்டோரத்தில் இருக்கிறது அந்த இசக்கியம்மன் கோயில். சீசனில் அருவிக்குப் போகிற கூட்டம் கும்பிடு போட்டுவிட்டுப் போகும். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிறவர்கள் இங்கே பூப்போட்டுக் கேட்பார்கள். இதற்கு வெள்ளை, அதற்குச் சிவப்பு என்று மனசுக்குள் நேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டு பூவையும் தனித்தனியாக இலையில் பொதிந்து நார் சுற்றி அம்மன் காலடியில் வைப்பார்கள். விஷயம் தெரியாத யாராவது ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுப்பார். பிரித்தால் எந்தப் பூவோ அதுதான் அம்மன் வாக்கு. மற்றதைப் பிரிக்கக் கூடாது. அப்படியே வாய்க்காலில் விட்டுவிட வேண்டும்.

வாசலில் பூக்கடை வைத்திருக்கும் காளீஸ்வரி, உமாதேவியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். இரண்டு பொட்டலங்களையும் தட்டில் தயாராக வைத்திருந்தாள்.

“வாங்க அண்ணாச்சி. என்ன விசயமா பூப்போடுதிய?”

“அது மனசுல இருக்கு.”

“பொண்ணு எடுக்கவா?”

“எனக்கென்ன மகனா இருக்கான்?”

“அப்ப எடம் வாங்கவா?”

காளீஸ்வரி எதற்கு இவ்வளவு கேட்கிறாள் என்று பரமேஸ்வரனுக்கு அவள்மேலும் சந்தேகம் வந்தது. தட்டை வாங்கிப் பூசாரியிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மூடிய கண்ணுக்குள் ஒரு யோசனை ஓடியது. கல்யாணத்துக்கு இங்கேதான் பூப்போட்டார். கடைக்கும் வீட்டு மனைக்கும் இங்கேதான். ஒவ்வொரு தடவையும் மனசு எதை விரும்பியதோ அதுவே வந்தது. அப்போதெல்லாம் சந்தோஷமாக இருந்தது. இப்போது நினைத்தால் ஒரு மாதிரி இருந்தது. கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று சொல்லுகிற ஆளைப் புளியங்குடி மார்க்கெட்டில் யாராவது நம்புவார்களா? பக்தன் மனசைத் தெரிந்துகொண்டு அம்மன் தாட்சண்யம் பார்க்கிறாளோ?

வழக்கமாகப் பிடித்ததற்கு வெள்ளை என்றும் மற்றதற்குச் சிவப்பு என்றும்தான் நேர்ந்துகொள்வார். இன்றைக்கு அதை மாற்றினார். பழைய பெட்டிக்குச் சிவப்பு. புதுப் பெட்டிக்கு வெள்ளை. யாரிடமும் மூச்சு விடவில்லை. அம்மனிடம்கூட மெதுவாகத்தான் சொன்னார்.

பொட்டலம் எடுக்க உள்ளூர் ஆள் வேண்டாம் என்று வாசலுக்கு ஓடினார். அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு போய்க்கொண்டிருந்த ஒரு மலையாளத்துக்காரர் அகப்பட்டார்.

“சேட்டா, இதுல ஒண்ண எடுங்க.”

“எந்தா இது? பைசா வல்லதும் கொடுக்கணோ?”

“ஒண்ணும் வேண்டாம். சும்மா எடுங்க.”

சும்மா என்றதும் அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. பூசாரியைப் பார்த்தார், பரமேஸ்வரனைப் பார்த்தார், தன் பர்ஸைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பாம்புப் புற்றில் கைவிடுகிறவர் மாதிரி ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

பூசாரி பிரித்தார். வெள்ளை.

பரமேஸ்வரனுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் இன்னொரு பக்கம், அம்மன் இந்தத் தடவை தாட்சண்யம் பார்க்கவில்லை என்கிற மரியாதையும் வந்தது. புதுப் பெட்டிதான் என்று முடிவாகிவிட்டது. நேரே மசூது வீட்டுக்குப் போனார்.

“அண்ணாச்சி, வேண்டாம். சொன்னாக் கேளுங்க,” என்று மசூது கையைப் பிடித்துக்கொண்டார். “பழச எடுத்துக்கிடுங்க. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

ஒரு பெட்டியைத் தலையில் கட்ட ஒருவர் இவ்வளவு கெஞ்சுவாரா? அம்மன் காப்பாற்றிவிட்டாள் என்று பரமேஸ்வரன் புதுப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார். சமோசா இந்தத் தடவையும் வந்தது. தொடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பெட்டியைக் கம்ப்யூட்டரோடு மாட்டி, பெரிய ஸ்பீக்கரோடு இணைத்து, விளையாட்டை ஓடவிட்டார். வழிப்போக்கன் காட்டுக்குள் நுழைந்தான். மரக்கிளையில் ஒரு குருவி வாயைத் திறந்தது.

ட்ரிங் ட்ரிங் என்று டெலிபோன் அடித்தது.

“ஏங்க, யாருன்னு பாருங்க!” என்று அடுக்களையில் இருந்து உமாதேவி சத்தம் போட்டாள்.

பாறை இடுக்கில் இருந்து ஊற்று நீர் சொட்டியது. சொட்டும்போது மணி ஒலிப்பதுபோல இனிமையான சத்தம் வர வேண்டிய இடம். வந்தது கைதட்டல். ஒரு மாநாடே எழுந்து நின்று தட்டியது. வழிப்போக்கன் மேலே நடந்தான். நடுக்காடு. காட்டின் ரீங்காரம் தொடங்க வேண்டும்.

டுமீல்.

பரமேஸ்வரன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சுவரில் முட்டினார். வழிப்போக்கனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் நடக்க நடக்க டுமீல், டுமீல், டுமீல்.

நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. வாசல் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. இது பெட்டியில் இருந்து வரவில்லை. பக்கத்து வீட்டுப் பாண்டிராஜ் நின்றார். ரிட்டயர்டு சப் இன்ஸ்பெக்டர். உத்தியோகம் போய்விட்டாலும் மீசை இன்னும் டூட்டியில்தான் இருந்தது.

“மருமவனே, என்ன சத்தம்?”

“ஒண்ணும் இல்லயே மாமா.”

“துப்பாக்கிச் சத்தம் எனக்குத் தெரியாதால?”

உமாதேவி முந்திக்கொண்டாள். “டிவில சீரியல் ஓடுது மாமா.”

“எங்க வீட்லயும் அதே சீரியல்தான் ஓடுது. அதுல மாமியாக்காரி அழுதுக்கிட்டு இருக்கா. துப்பாக்கி எங்கேர்ந்து வந்துது?”

பாண்டிராஜ் போய்விட்டார். ஆனால் தன் வீட்டுக்குள் போகவில்லை. காம்பவுண்டுச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இதைப் பார்த்ததும் பரமேஸ்வரன் ஜன்னல்களைச் சாத்தினார். பட்டப்பகலில் ஜன்னல் சாத்தப்படுவதைக் கண்ட பாண்டிராஜ் நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்தினார். பரமேஸ்வரன் ஸ்பீக்கர்மேல் தலையணைகளை அடுக்கி, மேலே ஒரு ஜமுக்காளத்தைப் போட்டு மூடினார். இப்போது சத்தம் அமுங்கி, யாரோ காட்டுக்குள் தூரத்தில் சுடுவதுபோலவே கேட்டது.

சாயந்தரம் பால் வாங்கப் போனவரைப் பாண்டிராஜ் முக்கில் மறித்தார். தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“எங்கிட்ட மறைக்காத. போன் அடிக்குது, அது ஆர்டர். துப்பாக்கி வெடிக்குது. பொறவு எல்லாரும் கைதட்டுதாங்க, விழுந்துட்டுன்னு அர்த்தம். சொல்லு. காட்டுப் பன்னியா, மிளா மானா?”

“மாமா!”

“மலையில வேட்டையாடி வீட்டுல வச்சு விக்கியா? பாரஸ்ட்காரன் கையில மாட்டினா பெயில் கெடயாது, தெரியும்லா?”

“அது கம்ப்யூட்டர் வெளையாட்டு மாமா. குருவி பாடுதுக்குப் பதிலா போன் அடிக்குது.”

பாண்டிராஜ் முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் எத்தனையோ பொய் கேட்டவர். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

“சரி, போ. நான் பாத்துக்கிடுதேன்,” என்றார்.

அவர் பார்த்துக்கொள்வார் என்பதுதான் பரமேஸ்வரனுக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு மசூது வீட்டுக்குப் போனார். அங்கே பெட்டி படுக்கையெல்லாம் காரில் ஏறிக்கொண்டிருந்தது.

“கோளாறான பெட்டியக் குடுத்துட்டிய பாய்.”

“பெட்டியில கோளாறு இல்ல அண்ணாச்சி. ரெண்டு பெட்டியிலயும் வாத்தியத்துக்கு நம்பர் உண்டு. பழசுல குருவிக்கு எந்த நம்பரோ, புதுசுல அதே நம்பர் டெலிபோனுக்கு. பழசுல காட்டுச் சத்தம் இருக்க எடத்துல புதுசுல துப்பாக்கி. ஒங்க வெளையாட்ட பழைய பெட்டிய வச்சுல்லா எழுதியிருக்கான். அதாலதான் தலையால அடிச்சுக்கிட்டேன்.”

பரமேஸ்வரன் பையைத் திறந்து புதுப் பெட்டியை முறைத்துப் பார்த்தார்.

“கேட்டுப் பாக்கியளா?” என்றார் மசூது. பரமேஸ்வரன் முன்பே கொடுத்திருந்த விளையாட்டின் நகல் அவருடைய லேப்டாப்பில் இருந்தது. பழைய பெட்டியை அதில் மாட்டி, ராணி எழுகிற கடைசிக் கட்டத்தை ஓடவிட்டார்.

முதலில் உஸ்ஸென்று ஒரு இரைச்சல். பிறகு அதற்கடியில் இருந்து காடு எழுந்து வந்தது. தூரத்தில் ஒரு குருவி. அதற்குப் பதில் சொல்லும் இன்னொரு குருவி. சொட்டுச் சொட்டாக மணிச் சத்தம். ஒரு புல்லாங்குழல் தயங்கித் தயங்கி உள்ளே வந்தது. பின்னாலேயே வயலின்கள் வந்தன. இத்தனை வருஷமும் எலி கத்திய பாட்டு இதுதானா என்று பரமேஸ்வரனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பெட்டியின் சின்னத் திரையில் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை ஓடியது. ‘வழிப்போக்கனே, விடிந்துவிட்டது, நன்றி.’ விளையாட்டை எழுதியவன் இந்தப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கென்று ஒளித்து வைத்த நன்றி. நூற்றுக்கணக்கான தடவை ராணியை எழுப்பிய பரமேஸ்வரனுக்கு அது இன்றைக்குத்தான் கிடைத்தது.

அவர் அழுதார். வெட்கப்படாமல் அழுதார்.

“மாத்திக்கிடுங்க அண்ணாச்சி. பைசா ஒண்ணும் வேண்டாம்,” என்றார் மசூது. “புதுச நான் திருவனந்தபுரத்துல குடுத்துருதேன். அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

கை பழைய பெட்டியை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

“அம்மன் வாக்கு புதுசுன்னுல்லா வந்துது.”

“என்னது?”

“பூப்போட்டுத்தான் புதுச எடுத்தேன். பூவ மீறக் கூடாது பாய். எங்க மாமா பையன் மீறி போர் போட்டான். இன்னைக்கு வரைக்கும் தண்ணிக்குப் பதிலா காத்துதான் வருது.”

மசூது வாட்சைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். நல்ல மனுஷர். “அப்ப போற வழியில கோயில்கிட்ட நிறுத்துதேன். குத்தாலம் வழியா சுத்திப் போயிக்கிடலாம். இன்னொருக்கா கேட்டுட்டு வந்துருங்க. சீக்கிரம்.”

சாரல் தூறிக்கொண்டிருந்தது. கோயில் வாசலில் கார் நின்றது. பரமேஸ்வரன் இறங்கி ஓடினார். பின்னாலேயே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பாண்டிராஜ். வீட்டில் இருந்தே பின்தொடர்ந்திருக்கிறார்.

“காளீஸ்வரி, ரெண்டு பொட்டலம், சீக்கிரம்!”

அவள் கட்டிக் கொடுத்தாள். பரமேஸ்வரன் அம்மன் முன்னால் நின்று கண்ணை மூடினார். பழைய பெட்டிக்கு வெள்ளை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் சந்தேகம் பிடித்துக்கொண்டது. போன தடவை சிவப்பு, இந்தத் தடவை வெள்ளை என்று மாற்றி மாற்றிப் பேசினால் அம்மன் என்ன நினைப்பாள்? எடைக்கல்லை மாற்றுகிற கமிஷன் கடைக்காரன் என்று நினைக்க மாட்டாளா? நேர்மையாகக் கேட்பது என்றால் பழைய கணக்கிலேயே கேட்க வேண்டும். பழைய பெட்டிக்குச் சிவப்பு. புதுப் பெட்டிக்கு வெள்ளை.

தாயே, இந்த ஒரு தடவை சிவப்பைக் கொடுத்துவிடு என்று உருகி நின்றார். இனி யார்மேலும் சந்தேகப்பட மாட்டேன் என்றுகூட வேண்டிக்கொண்டார். பொட்டலம் எடுக்க ஆள் தேடித் திரும்பியவருக்கு நேராகப் பாண்டிராஜின் மீசை நின்றது.

“மாமா, இதுல ஒண்ண எடுங்க.”

“உள்ள என்னல இருக்கு?”

“பூ.”

“காருல ஒரு ஆளு கறுப்புப் பெட்டியோட காத்திருக்கான். நீ இங்கன பொட்டலத்த நீட்டுத. இதுல என் கைரேகை படணுமா?”

“பூதான் மாமா, சாமி சத்தியமா. எடுங்க, கார் போயிரும்.”

பாண்டிராஜ் கர்ச்சீப்பை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு பொட்டலத்தைத் தூக்கிப் பூசாரியிடம் கொடுத்தார்.

வெள்ளை.

வெளியே மசூது ஹாரன் அடித்தார். பரமேஸ்வரன் வாசலுக்கு வந்து, வேண்டாம் என்று கையை ஆட்டினார். மசூது கண்ணாடியை இறக்கி, “நெசமாவா அண்ணாச்சி?” என்று கேட்டார். பரமேஸ்வரன் ஆமாம் என்று தலையசைத்தார். கார் செங்கோட்டை ரோட்டில் திரும்பிச் சாரலுக்குள் மறைந்தது. விடியற்காலைப் பாட்டும் குருவிகளும் அந்த நன்றியும் அதோடு மலையைத் தாண்டிப் போய்விட்டன.

பொட்டலத்தில் பூவைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பதைப் பூசாரியிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பாண்டிராஜ், இது தன் புத்திக்கு எட்டாத கேஸ் என்று முனகிக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

பரமேஸ்வரன் பூக்கடைக் கூரைக்கு அடியில் ஒதுங்கி நின்றார். முகத்தில் வழிந்தது சாரல் மட்டும் இல்லை.

“என்ன அண்ணாச்சி, எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவுக மாதிரி நிக்கிய?” என்றாள் காளீஸ்வரி, பூக்கட்டிக்கொண்டே. “வெள்ளதானே வந்துது?”

“வெள்ளதான். அன்னைக்கும் வெள்ள, இன்னைக்கும் வெள்ள.”

“பொறவு என்ன? மனசுக்குப் பிடிச்சது கெடச்சாச்சுல்லா?”

“எங்க கெடச்சுது?” அவருக்குக் குரல் உடைந்தது. “பிடிச்சதுக்குச் செவப்புல்லா வச்சேன்.”

காளீஸ்வரியின் கை நின்றது. “செவப்பா? ரெண்டு தடவையுமா? எதுக்கு?”

“அம்மனச் சோதிச்சுப் பாக்கலாம்னு.”

அவள் நாரைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“பாவி மனுசா, நீங்க பிடிச்சதுக்குத்தான் வெள்ள வைப்பியன்னு, ஒங்க கல்யாணத்துக்குப் பூப்போட்ட அன்னையிலேர்ந்து ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளயத்தானே வைக்கச் சொல்லியிருக்கா உமா!”